ஊசிக்குக் கை நீட்டும் முன்

(நெய்வேலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த இளைஞர் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே பேச அழைத்தபோது, "எனக்குத் தெரிஞ்சது பச்சை குத்துறது மட்டும்தானே தோழர், நான் என்ன பேசுறது?" என்றேன். "அதைத்தான் பேசணும். ஏப்ரல் 14 வருது. பாதிப் பேர் அண்ணல் படத்தைக் கையில குத்திக்கணும்னு நிக்கிறாங்க. என்ன ஆகும், ஏது ஆகும்னு சொல்லுங்க" என்றார்கள். ஆகவே இன்று ஊசி, மை, தோல், சாதி இந்த நான்கையும் பற்றிப் பேசுகிறேன்.

டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக இதுதான் தொழில். ஆனால் நான் முதலில் பார்த்த பச்சை என் ஆயாவின் கையில் இருந்தது. ஒரு கையில் தேள், மறு கையில் புள்ளிக் கோலம். ஆயா வாழ்நாள் முழுக்க ஒரு குன்றிமணித் தங்கம் போட்டதில்லை. வாங்க வழியில்லாதது ஒரு காரணம். போடவே கூடாது என்று ஊர் வைத்திருந்த கட்டுப்பாடு இன்னொரு காரணம். இது எங்கள் பக்கத்துக் கதை மட்டுமல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதில் முதல் தடையே பொன், வெள்ளி நகை அணியக்கூடாது என்பதுதான். "இது எவனாலயும் புடுங்க முடியாத நகைடா" என்று ஆயா கையைத் தடவிக் காட்டும்.

அந்தப் பச்சையைக் குத்தியது ஊர் ஊராக வந்த குறவர் இனத்துப் பெண்கள். விளக்குக் கரியையும் இலைச் சாற்றையும் குழைத்துத் தொட்டு, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். கரி கருப்புதானே, பிறகு ஏன் பச்சை என்கிறோம்? கருப்பு மை தோலின் அடியில் இருக்கும்போது, மேல்தோல் வழியாகப் பார்க்கிற கண்ணுக்கு நீலமும் பச்சையுமாகத் தெரியும். அதனால் வந்த பெயர்.

இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் நடப்பது அதேதான். ஊசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கி, மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை வைக்கிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்கும். விழுங்கினாலும் செரிக்க முடியாது. அந்த அணு செத்தால் பக்கத்து அணு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் பச்சை சாகும்வரை நிற்கிறது. "பிடிக்கலன்னா லேசர்ல எடுத்துக்கலாம்ணே" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குத்துவதற்கு ஒரு நாள் போதும். எடுப்பதற்குப் பல மாதம், பல தடவை போக வேண்டும். செலவும் பல மடங்கு. அப்படியும் முழுசாகப் போகும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

வலிக்குமா? வலிக்கும். முன்கை, புஜம் எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விலா, கணுக்கால், முழங்கை மடிப்பில் கண்ணில் தண்ணீர் வரும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். குடித்துவிட்டு வராதீர்கள், ரத்தம் அதிகம் கசியும். சர்க்கரை இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால், இதயத்தில் கோளாறு இருந்தால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

வலியைவிடப் பயப்பட வேண்டியது வேறு. திருவிழாக் கடையில் ஒரே ஊசியை வைத்து வரிசையாக இருபது பேருக்குக் குத்துகிறார்களே, அதுதான். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றும் ரத்தம் வழியாகப் பரவுபவை. ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள். உறை பிரிக்காத புது ஊசியா? அதை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மையைச் சின்ன மூடியில் உங்களுக்கென்று தனியாக ஊற்றச் சொல்லுங்கள். மிச்ச மையைத் திரும்பப் புட்டியில் ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். கையுறை புதிதா என்று பாருங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று தவணை போட ஆறு மாதம் ஆகும். போட்டுக்கொண்டு வந்தால் நல்லது. இன்னொன்று, பச்சை குத்தினால் ஓராண்டுக்கு ரத்ததானம் செய்யக்கூடாது. இங்கே ரத்ததானம் செய்கிற தோழர்கள் நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன்.

குத்திய பிறகு இரண்டு மூன்று நாள் சிவந்து வீங்கி எரியும். ஒரு வாரத்தில் பொருக்கு வந்து அரிக்கும். சொறியக்கூடாது, பிய்க்கக்கூடாது. மேலே ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். நம் ஊரில் அந்த மூன்று வாரம்தான் சிக்கல். சுரங்க வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூசி, வியர்வை, மே மாத வெயில். லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்துக் குத்திக்கொள்ளுங்கள். மென்மையான சோப்பு, சுத்தமான தண்ணீர் போதும். மஞ்சள், சாம்பல், பற்பசை எதையும் அப்பாதீர்கள். சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், என்னிடம் வராதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

"நாம கருப்பாச்சே, நமக்கு எடுக்குமா?" என்று கேட்பார்கள். வெள்ளைத் தோலில்தான் அழகு என்பது நமக்கு ஊட்டப்பட்ட பல பொய்களில் ஒன்று. கருப்பு மையில் அழுத்தமான கோடு நம் தோலில் அருமையாக நிற்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தழும்பு தடித்து வளர்கிற தன்மை கருத்த தோலில் அதிகம். அம்மை ஊசி போட்ட இடமோ காது குத்திய இடமோ உங்களுக்கோ வீட்டாருக்கோ தடித்துப் போயிருந்தால், குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காது, மூக்கு குத்துவதற்கும் இதே கதைதான். நகைக்கடைத் துப்பாக்கியை நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்ய முடியாது. காதின் குருத்தெலும்பில் அது அடித்தால் நசுங்கும். உள்ளே துளையுள்ள ஊசியால் குத்துவது பாதுகாப்பு. காது மடல் ஆற ஆறு முதல் எட்டு வாரம். மூக்கும் குருத்தெலும்பும் ஆற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கவரிங் போடாதீர்கள், நிக்கல் ஒத்துக்கொள்ளாது. நாக்கைப் பிளக்கிற வேலைக்கெல்லாம் போகாதீர்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் மருத்துவம் படிக்காமலேயே அப்படி அறுத்தவர்களைக் காவல்துறை கைது செய்தது.

மூக்குத்தி என்றதும் சிரிக்கிறீர்கள். மூக்குத்திக்காக ஒரு போராட்டமே நடந்திருக்கிறது, தோழர்களே. 1860 வாக்கில் கேரளத்தின் பந்தளத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தி தங்க மூக்குத்தி போட்டதற்காக மூக்கோடு சேர்த்துப் பிடுங்கினார்கள் என்றும், ஆறாட்டுப்புழை வேலாயுதப் பணிக்கர் ஒரு கிழி நிறைய மூக்குத்தியோடு போய், அந்தப் பெண்களை மூக்குக் குத்தி அணியச் சொல்லிக் காவல் நின்றார் என்றும் சொல்வார்கள். 1915இல் பெரிநாட்டில் அய்யன்காளி அழைத்தபோது, புலையர் பெண்கள் தங்கள் மேல் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்துப் போட்டார்கள். ஒரு இடத்தில் போட்டுக்கொள்வது விடுதலை, இன்னொரு இடத்தில் கழற்றி எறிவது விடுதலை. முடிவெடுத்தது யார் என்பதுதான் இரண்டிலும் கேள்வி.

உடம்பில் எழுதுகிற வேலையை அதிகாரம் எப்போதோ தொடங்கிவிட்டது. தாழ்ந்த பிறப்புக்காரன் உயர்ந்தவனோடு சமமாக உட்கார்ந்தால் இடுப்பில் சூடு வைத்துத் துரத்தச் சொல்கிறது மனுதர்மம். வெள்ளைக்காரன் 1797இல் வங்காளத்தில், கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தச் சட்டமே போட்டான். அது 1849இல்தான் ஒழிந்தது. பிறகு வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அதில் குறவர்களும் சிக்கினார்கள். நம் ஆயாக்களுக்குப் பச்சை குத்திய இனத்தையே பிறவிக் குற்றவாளி என்று கைரேகை எடுத்தார்கள். அந்தச் சட்டம் போன பிறகாவது மாறியதா? 1993இல் அமிர்தசரஸில், அதே சட்டத்தால் முத்திரை குத்தப்பட்ட சான்சி இனத்துப் பெண்களின் நெற்றியில் காவல்துறையினர் 'பிக்பாக்கெட்' என்று பஞ்சாபியில் பச்சை குத்தினார்கள். தண்டனை வர 2016 ஆனது.

இதற்கு நம் மக்கள் பதிலும் எழுதியிருக்கிறார்கள். சத்தீஸ்கரில் கோயிலுக்குள் விடாத தலித் மக்கள், 1890களில் தொடங்கி ராமன் பெயரையே உடம்பெல்லாம் குத்திக்கொண்டார்கள். ராம்நாமிகள் என்று பெயர். ராமனை நாம் ஏற்கிறோமா என்பது வேறு விவாதம். எந்த உடம்பைத் தீட்டு என்றார்களோ அந்த உடம்பிலேயே கடவுள் பெயரை எழுதிக்கொண்டு, இப்போது என்ன செய்வாய் என்று கேட்டார்கள்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

கடை போட்ட புதிதில் நான்கு பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்கு முன்கையில் அவன் சாதிச் சின்னம் வேண்டும். மீசை சரியாக முளைக்கவில்லை. வயதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கடை வாடகை பாக்கி. எண்ணூறு ரூபாய் பேசி உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் அவன் கை என் மடியில் இருந்தது. எந்த சேரியைப் பார்த்து அந்தச் சின்னத்தைக் காட்டப் போகிறானோ, அந்தச் சேரிக்காரன்தான் அதைக் குத்துகிறான் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையை நீட்டியிருப்பானா? எனக்குத் தெரிந்தே நான் குத்தினேன்.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மே மாதம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தன் வந்தான். சட்டையை ஏற்றியதும் என் கோடு எனக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணே, இதை மறைக்க முடியுமா?" என்றான். ஒப்பந்த வேலைக்குப் போகிறானாம். "கூட வேல செய்யறவங்க உங்க தெருப் பசங்கதான்ணே. ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்புடறோம். கை நீட்டக் கூச்சமா இருக்கு" என்றான். 'உங்க தெரு' என்றான். இதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கூலி வாங்கவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்து, கருப்பு இலைகளாகப் போட்டு மூடினேன். வெயிலில் உற்றுப் பார்த்தால் அடியில் பழைய கோடு இன்னும் தெரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் கூடாது என்றது. கயிற்றை அறுக்கலாம். நான் பதினாறு வயதுப் பையன் தோலுக்குள் வைத்ததை அறுக்க முடியாது. அன்றிலிருந்து என் கடையில் எந்தச் சாதியின் பெயரும் சின்னமும் குத்துவதில்லை. பதினெட்டு ஆகாதவர்களுக்கு எதுவும் குத்துவதில்லை. சாதிச் சின்னத்தை மறைக்க வந்தால் காசு இல்லை.

சரி, அண்ணல் படத்துக்கு வருவோம். சின்னதாக முகம் வேண்டாம். மை வருடாவருடம் கொஞ்சம் விரியும். மூன்று அங்குலத்துக்குள் குத்திய முகம் பத்து வருடத்தில் யாரென்று தெரியாது. கையெழுத்தோ, கண்ணாடியோ, பேனாவோ நன்றாக நிற்கும். காவலர், துணை ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கூடுதலாக யோசியுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதிப்படி, முன்கையின் உட்புறம் அல்லது புறங்கையில், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில், அந்தப் பகுதியின் கால் பங்குக்கும் குறைவாகத்தான் இருக்கலாம். விண்ணப்பிக்கும்போது அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

மருத்துவ விதியில் எழுதாத இன்னொரு தேர்வும் இருக்கிறது. கையில் அண்ணலைப் பார்த்ததும் வாடகை வீடு 'இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசிட்டோம்' ஆகும். டீக்கடையில் ஒரு பார்வை வரும். 2015 மே மாதம் சீரடியில், செல்போனில் அம்பேத்கர் பாட்டு ஒலித்ததற்காக ஒரு தலித் இளைஞரைக் கொன்றார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஊசி வலி ஒரு மணி நேரம். இந்த வலி எவ்வளவு நாள் என்று தெரிந்து கை நீட்டுங்கள் என்கிறேன். பிற சாதியில் பிறந்த தோழர்களும் குத்திக்கொள்ளுங்கள். அண்ணலைக் கையில் வைத்திருக்கிறவர் எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகட்டும்.

என் கடைக்கு வருகிறவர்களிடம் படத்தைக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். கோபத்திலும் காதலிலும் திருவிழாக் கூட்டத்திலும் வருகிறவர்களில் பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. எனக்குக் கூலி நட்டம்தான், பரவாயில்லை. அந்த ஒரு வாரத்தில் அண்ணல் எழுதியதில் நாற்பது பக்கமாவது படித்துவிட்டு வாருங்கள். வரும் ஏப்ரலுக்குக் குத்த வேண்டுமென்றால் இன்றே பெயர் கொடுங்கள். தடுப்பூசி போட்டவரா என்று முதலில் கேட்பேன்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.