மில்லுக்கு வரும் வழிக்கு யார் கணக்குக் கொடுப்பது?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேட்டரி சைக்கிளைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போனஸைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் சைக்கிள் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். போனஸில் நம்மை ஏமாற்றுவது வருஷத்துக்கு ஒரு தடவை. வழியில் நம்மிடமிருந்து பறிப்பதோ தினந்தோறும் நடக்கிறது.

பொங்கலூர், அவிநாசிபாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பல்லடம் வட்டாரத்து மில்லுக்கும் தறிக்கும் வருகிற தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். 20 கிலோமீட்டர் சாதாரண சைக்கிளை மிதித்து வந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. திரும்பிப் போக இன்னொரு ஒன்றரை மணி. எட்டு மணி நேர வேலை என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நம் காலுக்கும் முதுகுக்கும் அது பதினோரு மணி நேரம். 1923ம் வருஷம் மே முதல் நாளில் சென்னையில் தோழர் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினாரே, அந்த மே தினத்தின் ஆதி கோரிக்கை என்ன? எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நமக்கு. அந்த மூன்று மணியை எந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறோம்? தூக்கத்திலிருந்து எடுக்கிறோம், பிள்ளைகளோடு இருக்கிற நேரத்திலிருந்து எடுக்கிறோம். முதலாளியின் கணக்கிலிருந்து ஒரு நிமிஷம்கூடப் போவதில்லை.

இதிலே ஆடி மாதத்துக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புறப்படுகிற அந்த மேல்காற்று நம் வட்டாரத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கேயிருந்து பல்லடத்துக்கு வருகிறவன் நெஞ்சால் அதைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். பக்கத்துக் காட்டில் காற்றாலை சுற்றுகிறது, காற்றாலைக்காரர் காசு பார்க்கிறார். அதே காற்று நமக்குச் செலவு!

இந்த நிலையில்தான் பேட்டரி சைக்கிள் வந்திருக்கிறது. இது விந்தைப் பொருள் அல்ல. உடம்பு நன்றாக உள்ள ஆள் மணிக்கணக்காக மிதித்தால் 75 முதல் 100 வாட் சக்தி கொடுப்பான். இந்தச் சைக்கிளின் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் 250 வாட். அதாவது உங்களோடு இன்னும் இரண்டு ஆள் சேர்ந்து மிதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 22, 23 கிலோமீட்டர் போகலாம். ஒன்றரை மணி நேரப் பாதை ஒரு மணிக்குள் முடிகிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்டிரேஷன் வேண்டாம். சில கடைக்காரர்கள் வயரை மாற்றி 40ல் ஓட்டலாம் என்பார்கள். அந்த ஆசை வேண்டாம். அது அப்புறம் சட்டப்படி மோட்டார் வண்டி. ஒரு விபத்து நடந்தால் நஷ்ட ஈடு கேட்கிற இடத்தில் நம் வாயை அடைத்துவிடும்.

வாங்குகிறவர்கள் எடையைப் பாருங்கள். 20 கிலோவுக்குச் சற்று முன்னே பின்னே உள்ள வண்டியை வாங்குங்கள். பெடல் என்று பேருக்கு ஒன்றை மாட்டி 50, 60 கிலோவில் விற்கிறதும் உண்டு. நடு ராத்திரியில், நடு வழியில் சார்ஜ் தீர்ந்தால் அதை மிதிக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. லேசான வண்டி என்றால் சார்ஜ் போனாலும் சைக்கிள் சைக்கிள்தான், மிதித்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். லைன் வீட்டில் இருப்பவர் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

இனி செலவைப் பார்ப்போம். மொபெட்டிலோ மோட்டார் சைக்கிளிலோ தினம் 40 கிலோமீட்டர் போய் வந்தால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 80 ரூபாய், 26 நாளுக்கு 2,080 ரூபாய். பேட்டரி சைக்கிளுக்கோ நாளுக்கு அரை யூனிட் மின்சாரம் போதும். விற்கிறவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் நிறுத்தக்கூடாது. பேட்டரி என்பது தேய்கிற பொருள். சுமார் 500 தடவை முழு சார்ஜ் ஏற்றி இறக்கினால் அதன் தெம்பு குறைய ஆரம்பிக்கும். இந்தத் தூரத்துக்கு ஒன்றரை வருஷத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். புதுப் பேட்டரி 10 ஆயிரம், 12 ஆயிரம் ஆகிறது. அதை நாட்களுக்குப் பிரித்துப் பாருங்கள், தினம் 25, 30 ரூபாய். ஆகவே மின்சாரம் மலிவு, பேட்டரிதான் நமக்குப் பெட்ரோல். அப்படியும் பாதிக்கு மேல் மிச்சம்தான். ஆனால் வண்டி வாங்க முதலில் 25 ஆயிரத்துக்குமேல் எண்ணி வைக்க வேண்டுமே! கந்துவட்டிக்கு வாங்கினால் மிச்சமெல்லாம் வட்டிக்காரன் வீட்டுக்குப் போகும்.

சர்க்கார் உதவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2019 முதல் 2024 வரை மத்திய சர்க்கார் மின்சார வண்டிகளுக்கென்று 10,000 கோடி ரூபாயில் ஒரு திட்டம் நடத்தியது. அதில் இரு சக்கர வண்டிக்கு மானியம் வேண்டுமானால் குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும் என்று விதி. அதாவது லட்ச ரூபாய் ஸ்கூட்டர் வாங்குகிறவருக்கு மானியம், பெடல் மிதிக்கிறவனுக்கு வெறுங்கை. டில்லி மாநில சர்க்கார் 2022ல் முதல் 10,000 மின்சார சைக்கிளுக்கு 5,500 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. அறிவிக்க மனமிருந்தால் வழியும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2019 ஆகஸ்டில் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதமாகக் குறைத்தார்கள். அது கோடி ரூபாய்க் காராக இருந்தாலும் சரி. நம் சாதாரண மிதி சைக்கிளுக்கு மட்டும் 12 சதம்! 2025 செப்டம்பரில்தான் அதை 5 சதமாக்கினார்கள். ஆறு வருஷம், காரில் போகிறவனைவிடச் சைக்கிளில் போகிறவன் அதிக விகிதத்தில் வரி கட்டியிருக்கிறான்.

இப்போது நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, மிதித்துக்கொண்டே வந்தால் காற்றில்லாத நாளில் 35 கிலோமீட்டர் வரை தாங்கும். எதிர்காற்றில் 20, 25லேயே மடங்கிவிடும். போக 20, வர 20 என்றால் மில்லில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். சார்ஜர் இழுப்பது 100 வாட்டுக்கும் குறைவு. நான்கைந்து மணி நேரத்தில், ஒரே ஷிப்டுக்குள், வேலை முடிந்துவிடும். நூறு சைக்கிள் ஒன்றாகச் சார்ஜ் ஆனாலும் ஒரே ஒரு ஸ்பின்னிங் பிரேம் இழுக்கிற மின்சாரத்துக்கு அது வராது. கரண்ட் பில் ஏறும் என்று நிர்வாகம் சொன்னால் இந்தக் கணக்கை மேசைமேல் வையுங்கள்.

பஞ்சு இருக்கிற இடம், தீப்பிடிக்கும் என்பார்கள். இந்த ஆட்சேபணையில் நியாயம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சீனாவில் கோடிக்கணக்கான உழைப்பாளிகள் மின்சார சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே நான்ஜிங் நகரில் 2024 பிப்ரவரியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இந்தச் சைக்கிள்கள் நிறுத்திய இடத்தில் பற்றிய தீயில் 15 பேர் மாண்டார்கள். ஆகவே கோடவுனுக்கு எட்டத்தில், தகரக் கூரை போட்டு, தனி சுவிட்ச் வைத்து ஷெட் கட்டு என்பதே நம் கோரிக்கை. வீட்டிலும் படுக்கைப் பக்கத்தில், வாசலை அடைத்து, சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உப்பிய பேட்டரியைத் தொடாதீர்கள்.

வீட்டு மின்சாரத்தில் இன்னொரு சங்கதி. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். முழுக்க வீட்டிலேயே சார்ஜ் போட்டால் இரண்டு மாதத்தில் 26 யூனிட் போகும், இலவசத்தில் கால்பங்கு. சொந்த மீட்டர் உள்ளவருக்குச் சரி. வாடகை லைன் வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்காரர் போடுவதுதான் ரேட்.

பெண் தோழர்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணம் இல்லை. நல்லது. ஆனால் நள்ளிரவில் ஷிப்ட் விடுகிறபோது அந்த பஸ் எங்கே? இங்கே ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. “உங்களுக்குத்தான் பேட்டரி சைக்கிள் வந்துவிட்டதே, 30 கிலோமீட்டரிலிருந்தும் வரலாமே, மில் வண்டி எதற்கு, குடியிருப்பு எதற்கு” என்று நாளை நிர்வாகம் கேட்கும். சைக்கிள் ஷெட்டை வாங்கிக்கொண்டு மில் வண்டியை விட்டுக்கொடுத்தால் நமக்கு நஷ்டம். லாரி ஓடும் திருச்சி ரோட்டில் இரவில் பெண்கள் தனியே சைக்கிளில் வர வேண்டும் என்று யாரும் சொல்ல நாம் இடம் கொடுக்கப் போவதில்லை.

வழி நேரம் எங்கள் பொறுப்பு அல்ல என்று நிர்வாகம் சொல்லலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2010ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நேரும் விபத்தை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வழி செய்தார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, அதிகாலை 3 மணி டியூட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போகையில், ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் இருக்கும்போது 2003ல் விபத்தில் இறந்தார். ஹைகோர்ட் நஷ்ட ஈட்டை ரத்து செய்தது. அவர் மனைவி மக்கள் விடவில்லை. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இருபத்திரண்டு வருஷம்!

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் முன்னுதாரணம் உண்டு. 2005ம் வருஷத்து வேலை உறுதிச் சட்டத்தில், ஊரிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் கூலியில் 10 சதம் சேர்த்துக் கொடு என்று எழுதியிருந்தது. தூரத்துக்கும் கூலி உண்டு என்று பார்லிமெண்டே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. நடவுக்கும் களைக்கும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஆள் கூப்பிடுகிற பண்ணைக்காரரிடம் அந்தப் பேச்சை எடுங்கள்.

ஆகவே தோழர்களே, யூனியன் தயாரித்திருக்கிற கோரிக்கைப் பட்டியலில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: சார்ஜ் ஷெட், வட்டியில்லாத முன்பணமும் அதற்கு மாதத் தவணையில் பிடித்தமும், 10 கிலோமீட்டருக்கு மேலிருந்து வருகிறவருக்கு வழிப்படி, இரவு ஷிப்டுக்கு மில் வண்டி தொடர வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளருக்கும் இவை பொருந்த வேண்டும், அதில் பேரம் கிடையாது.

பேச்சுவார்த்தைக்குக் கணக்கு வேண்டும். வாசலில் தோழர்கள் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஊர், தூரம், ஷிப்ட், எதில் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறீர்கள், எல்லாவற்றையும் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.