காரிலே விழுந்த கீறல்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியோரமாகத் தமது மோட்டார்க் காரை நிறுத்திவிட்டுப் பூசை கண்டு திரும்பும் ஒருவர், அதன் கதவிலே ஒரு சாண் நீளத்துக்கு வெண்கோடொன்று ஓடியிருப்பதைக் காண்கிறார் எனக் கொள்க. யாரோ ஒருவருடைய சைக்கிளின் கைபிடி உரசியிருக்கும். உரசியவர் சனத்திரளில் மறைந்துவிட்டார். காருக்குரியவர் முதலிற் செய்வது யாது? பெருவிரலை நாவில் நனைத்து அக்கோட்டின் மேல் தேய்க்கிறார். கோடு மறைகிறது, அவர் முகம் மலர்கிறது. ஈரம் உலர்கிறது; கோடு திரும்பி வருகிறது. கோயில் வாசலில் நின்று எச்சில் தொடலாமோ என்று கேட்பவர்கள் காருக்குரியவர்களின் மனத்தை அறியாதவர்கள்.

அந்த எச்சில் மருந்தன்று. ஆயினும் அது மிக நல்ல சோதனை. கீறலின் விளிம்புகள் கரடுமுரடானவை. அவற்றிற் படும் ஒளி நாலாபுறமும் சிதறுவதனாலேயே கீறல் வெண்மையாகத் தோன்றுகிறது. ஈரம் பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கியதும் ஒளி சிதறுவது நின்றுவிடுகிறது. ஆகவே, நனைத்தபோது முற்றாக மறையும் கீறல் மேலேயுள்ள தெளிந்த பூச்சில் மாத்திரம் விழுந்தது. நனைத்த பின்னும் தெரியுமாயின் அது நிறத்தையோ அதற்குக் கீழுள்ளதையோ தொட்டுவிட்டது. விரல் நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்ப்பது இரண்டாவது சோதனை. நகம் சிக்குமாயின் கீறல் ஆழமானது. தேய்த்து முற்றாகப் போக்கலாமென்ற எண்ணத்தைப் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான்.

இன்றைய காரின் உருக்குத் தகட்டின்மேல் நான்கு பூச்சுகள் உள. துருவைத் தடுக்கும் பூச்சு அடியில், அதன்மேல் தளப் பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்கிரோன் என்று பெயர். இந்நான்கு பூச்சுகளும் சேர்ந்து, ஏறக்குறைய 100 முதல் 150 மைக்கிரோன் வரையிலேதான் இருக்கும். மேலிருக்கும் தெளிந்த பூச்சு மாத்திரம் 40, 50 மைக்கிரோன். மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோன். மயிரிழையிலும் மெல்லிய அந்தத் தோலின்மேலேதான் வெயிலும் மழையும் கடற்காற்றும், காருக்குரியவரின் அன்பும் வந்து படுகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே சிலவேளைகளிற் பெருங்கேடு விளைப்பது.

"கீறலை அகற்றுதல்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அகற்றுவதற்கு அது ஒரு பொருளன்று. ஒரு பொருள் இல்லாமற்போன இடம். வயலின் நடுவே ஒரு குழி இருக்கிறது. அதை நிரப்ப மண் இல்லை. ஆனாலும் வயல் மட்டமாகத் தோன்ற வேண்டும். அப்பொழுது வழி ஒன்றே. வயல் முழுவதையும் குழியின் அடிமட்டத்துக்கு வெட்டித் தாழ்த்த வேண்டும். மெருகுப் பசை செய்வது இதனையே. அதிலுள்ள நுண்ணிய துகள்கள் கீறலைச் சூழ்ந்துள்ள நல்ல பூச்சை அராவி, பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகின்றன. மென்மையான பசை ஒருமுறைக்கு ஒரு மைக்கிரோனளவையோ அதனிற் குறைவாகவோ எடுக்கும். கடும்பசை சில மைக்கிரோனை எடுத்துவிடும். 2000 என்ற எண்ணுடைய மணற்கடதாசியை நீரில் நனைத்துத் தேய்ப்பவர் இன்னும் கூடுதலாக எடுக்கிறார். எடுத்தது திரும்பி வராது. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களைத் தாங்குவதற்குரிய மருந்துப் பொருளும் அத்தெளிந்த பூச்சிலேயே கலந்திருக்கிறது. அது அளவுக்கு மீறி மெலிந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகளின் பின் கூரையிலும் முன்மூடியிலும் வெளிறிய திட்டுக்கள் கிளம்பி, பாம்பு சட்டை கழற்றுவதுபோல உரியத் தொடங்கும்.

தேய்த்து மெருகேற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் இது விளங்கும். ஆதியிற் கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் போலவே எண்ணெய் வார்ணிசைத் தூரிகையாற் பூசினார்கள். அது உலர்ந்து முடியக் கிழமைக்கணக்காயிற்று. போர்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ரீ' மாதிரிக் கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மாத்திரமே செய்யப்பட்டது. பின்பு டியூபோன்ற் நிறுவனம் டூக்கோ என்னும் நைத்திரோசெலுலோஸ் பூச்சை ஆக்கியது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஒக்லண்ட் கார்கள் 1924ஆம் ஆண்டின் மாதிரிகளாக அதனைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் வெளிவந்தன. கிழமைகள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. ஆனால் அப்பூச்சு விசிறியவுடன் மங்கலாகவே இருக்கும்; தேய்த்தாற்றான் ஒளிரும். அடிக்கடி தேய்க்கும் பழக்கம் அந்நாளிற் பெரிதும் வேரூன்றியது. 1980களிற் பரவிய தெளிந்த பூச்சோ விசிறியவுடனே ஒளிர்வது. பூச்சு மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை.

பழைய பூச்சைக் காண விரும்புவோர் யாழ்ப்பாணத்துக்கு வரலாம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் அங்கே இன்னும் வீதியில் ஓடுகின்றன. 1990களிற் பெற்றோல் கிடையாத காலத்திலே, சொட்டுப் பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. அவற்றின் மேனியிலே நிறமும் ஒளிர்வும் ஒரே பூச்சு. தனியே தெளிந்த பூச்சில்லை. வெள்ளைத் துணியிற் சிறிது பசை தொட்டு மறைவான ஓரிடத்திலே தேய்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். துணியிற் காரின் நிறம் ஏறினால் ஒரே பூச்சு. ஏறாவிடின் தெளிந்த பூச்சு. வெயிலிற் சுண்ணாம்புபோல வெளிறிய பழைய தீந்தைக்கு மென்பசை நல்ல மருந்து. இறந்துபோன மேற்படை நீங்கியதும், தகப்பனார் காலத்து நிறம் உள்ளேயிருந்து எழும். அதைக் கண்ட மகிழ்ச்சியில் மாதந்தோறும் தேய்ப்பவரின் காரில், ஒருநாள் முன்மூடியின் வரம்புகளில் நிறம் போய்த் தளப் பூச்சு எட்டிப் பார்க்கும்.

கார் மேனியிற் காணப்படும் கோடுகளிற் பெரும்பாலானவற்றுக்குக் குற்றவாளி சைக்கிள்காரர் அல்லர், கார் கழுவுபவரே. உச்சிவெயிலிற் கறுப்புக் காரொன்றைப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற மயிர்க்கோடுகள் தெரியும். புழுதி படிந்த காரைப் பழைய சாரத் துண்டால் உலரத் துடைத்ததன் பயன் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல் நிலம். புழுதியும் அதற்கேற்பக் கரடானது. கிணற்று நீரும் அக்கல்லினூடே ஊறி வருவதால் வன்னீர். வெயிலில் நின்ற காரில் அந்நீரைத் தெளித்து உலரவிட்டால், ஒவ்வொரு துளியும் ஒரு வெண்வட்டமாகப் படியும். அவ்வட்டத்தைப் போக்கத் தேய்ப்பவர் கோடுகளை உண்டாக்குகிறார். கோடுகளைப் போக்கத் தேய்ப்பவர் பூச்சைத் தொலைக்கிறார்.

ஆகவே கார் நிழலில் நின்று ஆறட்டும். முதலில் நீரை ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். கை வைப்பது அதன் பின். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசுவதற்கான வெறுநீர். கூரையிலிருந்து கீழ்நோக்கியே கழுவ வேண்டும். மண் எல்லாம் சில்லுகளின் பக்கத்திலேயே இருப்பதால் அது கடைசி. நிலத்தில் விழுந்த துணியை அன்றைய வேலைக்கு மீண்டும் எடுக்கலாகாது. இந்த ஒன்றைச் சிறுவர்களுக்குப் பழக்குவது கடினம். பெரியவர்களுக்குப் பழக்குவது அதனினும் கடினம். காகத்தின் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தாற் சுரண்டாமல், ஈரத்துணியை அதன்மேல் இட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். எச்சத்தின் அமிலம் வெயிலோடு சேர்ந்து பூச்சை அரிக்கும், தாமதம் நல்லதன்று.

இனிக் கதவிலுள்ள அந்தக் கோடு. கழுவித் துடைத்தபின் கையால் தடவினாற் சொரசொரப்பாக இருக்குமாயின், யப்பானில் உருவாகிய களிமண் போன்ற கட்டியைச் சவர்க்கார நீர் தொட்டு உருட்டி ஒட்டிய தூசை எடுக்கலாம். பின்பு மிக மென்மையான பசையையே முதலில் எடுத்து, உள்ளங்கையளவு இடத்தில் மாத்திரம் பஞ்சணையால் தேய்த்து, துடைத்து, பார்க்க வேண்டும். போதாவிடின் மாத்திரமே அடுத்த கடுமைக்குச் செல்லலாம். பற்பசை உதவுமோ என்று கேட்போர் உளர். அதிலும் அராவும் துகள் இருப்பதால் மிக மெல்லிய கோடு சற்று மங்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஒரே அச்சிற் சுழலும் பொறி ஓரிடத்தில் நின்றாற் சூடேறிப் பூச்சை எரித்துவிடும். கதவின் வரம்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு இயல்பிலேயே மெலிந்திருக்கும். கைதேர்ந்த பாஸ் ஒருவர் அவ்விடங்களில் நாடா ஒட்டி மறைத்துவிட்டே பொறியைத் தொடுவார்.

தகடு வரை இறங்கிய கீறலுக்குப் பசை பூசுவது வீண். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதைத் துருவாக்கிப் பூச்சின் கீழே பரவச்செய்யும். துருவைச் சுரண்டி, தளப் பூச்சைத் தொட்டுவைத்து, காரின் நிற எண்ணுக்குரிய தீந்தையை நுண்ணிய தூரிகையாற் பல மெல்லிய படைகளாக நிரப்பி, நாட்கணக்காக உலரவிட வேண்டும். கண்ணுக்கு அது தெரியத்தான் செய்யும். துரு பிடிக்காது, அதுவே வேண்டியது.

மெழுகு கீறலை நீக்குவதன்று. மேலே அமர்ந்து வெயிலையும் நீரையும் தான் முதலில் வாங்கிக்கொள்வது. பேர்பெற்ற கார்ணோபா மெழுகு பிறேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலே படிவது; ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்து உதிர்த்தெடுக்கிறார்கள். வடபகுதி மக்களுக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. அந்த மரம் பனைக்கு உறவு.

மெழுகும் எண்ணெயும் கலந்த நிரப்பிகள் பள்ளத்தை எச்சிலைப் போலவே மறைக்கின்றன. உலர்வதற்குச் சில கழுவல்கள் பிடிக்கும் என்பதே வேறுபாடு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்விடைக்காலத்திற் பழைய கார் வாங்கியவர்களுட் பலர், ஒருமாதத்தின் பின் தம் காரிற் புதிய கோடுகள் முளைப்பதைக் கண்டு வியந்திருப்பர். அவை புதியவையல்ல. வாங்க விரும்புபவர் மதுசாரம் கலந்த நீராற் சிறிதிடம் துடைத்து, வெயிலில் நிறுத்திப் பார்ப்பது நன்று. பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவியும் உண்டு. ஒரு கதவு மாத்திரம் 300 மைக்கிரோனுக்கு மேற் காட்டினால் அக்கதவுக்கு ஒரு கதை இருக்கிறது.

நல்லூரில் நின்றவரின் கோட்டிலே முக்காற் பங்கு நனைத்ததும் மறைந்தது. நகம் சிக்கியது கதவின் வரம்போடு ஓடிய இரண்டங்குலத்தில் மாத்திரம். முக்காற் பங்கை மென்பசை தீர்த்துவைத்தது. எஞ்சிய இரண்டங்குலத்தையும் கடும்பசையாற் போக்கித் தருவதாகக் கராஜ்காரர் சொன்னார். வரம்பிற் பூச்சு எவ்வளவு எஞ்சும் என்று இவர் கேட்டார். கராஜ்காரர் விரலால் வரம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பசைப் பேணியை மூடிவைத்தார்.