ரத்தம் உறையும் நோய்: யார் மேல் குற்றம்?



மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகள் உண்டு. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியில் டோபிகானா உண்டு. அங்கே தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிறார்கள். எல்லா ஊரையும் போல இங்கும் ஒரு பேச்சு உண்டு. ஒரு பெண்ணுக்கு மீண்டும் மீண்டும் கரு கலைந்தால், "அவள் வம்சமே அப்படி" என்பார்கள். இது சரியா?

காயம் பட்டால் ரத்தம் உறைகிறது. அது நல்லது. காயம் இல்லாமலே ரத்தக் குழாய்க்குள் உறைந்தால் ஆபத்து. காலில் உறைந்தால் கால் வீங்கும். மூளையில் உறைந்தால் பக்கவாதம் வரும். நஞ்சுக்கொடி கெட்டால் கரு தங்காது.

ஏன் இப்படி ஆகிறது? உடலில் கிருமிகளை எதிர்க்கும் காவலாளிகள் உண்டு. சிலருக்கு அந்தக் காவலாளிகள் சொந்த உடலையே தாக்குகிறார்கள். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இந்நோயை விளக்கினார். இதன் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம்.

இது பரம்பரை நோயா? முழுவதும் அல்ல. காவலாளிகளுக்கு வழிகாட்டும் சில மரபணுக்கள் உண்டு. அவற்றை 'எச்.எல்.ஏ.' என்பார்கள். அவற்றில் சில வகை இருந்தால் இந்நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். மரபணு தாய் வழியிலும் வரும், தந்தை வழியிலும் வரும்.

வீட்டில் காய்ந்த ஓலை இருப்பதால் மட்டும் தீப்பிடிக்காது. பொறி விழ வேண்டும். கிருமித் தொற்று, அறுவை சிகிச்சை, நீண்ட நாள் படுக்கை, புகைபிடித்தல், கர்ப்பம் ஆகியவை பொறியாகலாம். நோயாளியின் உறவினர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை.

கரு கலையப் பல காரணங்கள் உண்டு. தொடர்ந்து மூன்று முறை கலைந்தால் பரிசோதனை தேவை. பத்து வாரத்துக்குப் பின் ஒரு முறை இழந்தாலும் கேளுங்கள். ரத்தத்தை ஒரு முறை சோதித்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

சிகிச்சை உண்டு. கர்ப்ப காலத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். மற்ற நேரத்தில் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை தருவார்கள். கர்ப்பத்தில் வார்ஃபரின் கருவுக்குக் கேடு. மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை உண்டு. முதலில் அங்கே சென்று கேளுங்கள். கணவரும் உடன் செல்லுங்கள்.

குற்றம் பெண்ணுடையது அல்ல. வம்சத்துடையதும் அல்ல. பழி சொல்லும் நேரத்தில் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த குழந்தை பிழைக்கலாம். தாயும் பிழைக்கலாம்.