நம் பேட்டையின் பத்திரிகாசிரியர்



டாக்குரியா நிலையத்தில் ரயிலேறி நாம் அலுவலுக்குச் செல்கிறோம். மாலையில் ஏரிக்கரையில் உலாவுகிறோம். ஆயினும், நம் டாக்குரியாவின் சார்பில் சட்டசபையில் வீற்றிருந்த சோமநாத் லாஹிரியைப் பற்றி நம் இல்லங்களில் பேசுவது அரிது. அக்குறை நீங்கவே இன்று சில சொற்கள்.

1945-இல் கல்கத்தாவில் கம்யூனிஸ்டுக் கட்சியின் வங்காளி நாளேடாகிய ‘சுவாதீனதா’ தோன்றிற்று. அதன் ஆசிரியராய் விளங்கியவர் லாஹிரி, சிறுகதைகளும் எழுதியவர். 1946-இல் வங்காளத்தினின்று அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் அவர் ஒருவரே கம்யூனிஸ்டு.

1947 ஏப்ரலில் அடிப்படை உரிமைகள் பற்றிய அறிக்கையைச் சர்தார் படேல் சபைமுன் வைத்தார். அவ்வுரிமைகளுட் பல, போலீஸ் கான்ஸ்டபிளின் நோக்கினின்று வகுக்கப்பட்டவை என்று லாஹிரி துணிந்து கூறினார். உரிமை ஒன்றை ஒரு கை கொடுக்க, அதனையடுத்து வரும் விதிவிலக்கு மறு கையால் பறித்துக்கொள்கிறது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. மக்கள் எழுதும் கடிதங்களின் அந்தரங்கமும் அடிப்படை உரிமையாதல் வேண்டுமென்று ஏப்ரல் 30-ஆம் நாள் ஒரு திருத்தம் கொணர்ந்தார். சபை அதனை ஏற்கவில்லை. பிரிவினைக்குப் பின் அவர் அச்சபையிலிருந்த இடத்தையும் இழந்தார். 1948 மார்ச்சில் மேற்கு வங்க அரசு அவருடைய கட்சியையே தடை செய்தது.

காலம் மாறிற்று. 1967-இல் டாக்குரியா மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினர். அஜய் முகர்ஜி தலைமையில் அமைந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில் அவர் அமைச்சரானார். 1969-இல் மீண்டும் டாக்குரியாவில் வென்றார். 1984-இல் மறைந்தார்.

அவருடைய கட்சிக் கொள்கை நம்மிற் சிலருக்கு உடன்பாடாகலாம், சிலருக்கு ஆகாதிருக்கலாம். ஆனால் கடிதத்தின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஊரிலிருந்து வரும் ஓர் உறையை எதிர்நோக்கித் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருந்த குடும்பங்களல்லவா நம்முடையவை! மகளின் கலியாணப் பேச்சும், தாயின் நோயும், கடன் தொல்லையும் அவ்வுறைக்குள்தானே வந்தன! அதனை மூன்றாம் மனிதர் பிரித்துப் படித்திருந்தால் நம் நெஞ்சம் பொறுத்திருக்குமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். லாஹிரி கேட்டு எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன. இன்று நம் கடிதங்கள் கைப்பேசியில் பறக்கின்றன. உறை மாறினாலும் உள்ளிருப்பது நம் குடும்பமே.

தோற்றுப்போன திருத்தமும் வீண்போவதில்லை. சபையிலே தனித்து நின்று பேசிய அப்பத்திரிகாசிரியர் நம் பேட்டையின் பிரதிநிதி என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோமாக.