களத்தை விட்டு அகலாதவர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டுப் போட்டிகளில் வென்றவர்க்குப் பரிசு வழங்குகிறோம். அது முறைதான். ஆனால் ஓடியவர்க்குப் பரிசு உண்டென்றால், ஓடக் கற்றுக் கொடுத்தவர்க்கு என்ன உண்டு? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக விட்டுச் சென்ற ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் நம் நாட்டவர் அல்லர். அவர் கற்பித்த விளையாட்டும் நம்மவர்க்குப் பழக்கமானதன்று. எனினும் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு.

அவர் பெயர் கார்டி கில்லெஸ்பி. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1926-ஆம் ஆண்டு பிறந்தவர். 1953-ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்து லூயிஸ் கல்லூரி என்னும் சிறு கல்லூரியில் பேஸ்பால் பயிற்சியாளராகத் தம் பணியைத் தொடங்கினார். நம் இந்திய இரயில்வே தன் நூற்றாண்டைக் கொண்டாடிய ஆண்டு அது. அவர் ஓய்வு பெற்றது 2011-ஆம் ஆண்டில். இடையில் ஐசன்ஹோவர் முதல் ஒபாமா வரை அந்நாட்டில் 11 குடியரசுத் தலைவர்கள் பதவி வகித்தனர். நம் பாதைகளில் நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது. டீசல் போய் மின்சாரம் வந்தது. அவரோ 59 பருவங்கள் ஒரே தொழிலில் நின்றார்.

பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு சொல் கூறிவிடுவோம். ஓர் அணிக்கு ஒன்பது பேர். கிரிக்கெட்டில் பந்தெறியும் தூரம் 66 அடி என்றால், இங்கே 60 அடி 6 அங்குலம். மட்டை தட்டையானதன்று, உருளை வடிவானது. பந்து தரையில் பட்டு எழாமல் நேரே பாய்ந்து வரும். அடித்தவன் 90 அடிக்கு ஒன்றாக அமைந்த தளங்களைத் தொட்டுக்கொண்டு சதுரமாகச் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை நன்றாக அடிப்பவன் சிறந்த ஆட்டக்காரன் எனப் போற்றப்படுகிறான். ஏழு முறை தோற்பவனை வீரன் என்று கொண்டாடும் விளையாட்டு இது! இதனைக் கற்பிப்பவர்க்கு முதலில் வேண்டியது பொறுமை என்பது சொல்லாமலே விளங்கும்.

சிறு கல்லூரி என்று சொன்னோம். அதன் பொருளையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களைத் தொலைக்காட்சி காட்டுகிறது; பல்லாயிரவர் கூடுகின்றனர்; பயிற்சியாளர்க்கு உதவியாளர் பலர் உண்டு. சிறு கல்லூரிகளின் நிலை வேறு. அங்கே பயிற்சியாளரே புல்லை வெட்டுவார், களிமண்ணைச் சமன் செய்வார், பயணத்துக்குப் பணம் திரட்டுவார், சில வேளை வண்டியையும் ஓட்டுவார். வடபகுதியில் மார்ச்சு மாதத்திலும் பனி கிடக்கும். ஆகவே மூடிய கூடத்துக்குள்ளேதான் தொடக்கப் பயிற்சி. ஆட்டத்தைக் காண வருவோர் பெரும்பாலும் பெற்றோரும் நண்பருமே.

இத்தகைய இடத்தில்தான் கில்லெஸ்பி 1953 முதல் 1976 வரை 24 பருவங்கள் பணியாற்றினார். சிறு கல்லூரிகளுக்கென அமைந்த தேசியப் போட்டியில் அவர் அணி 1974, 1975, 1976 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து வாகை சூடியது. இதனோடு நின்றாரா? ஜோலியட் என்னும் அண்டை நகரில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியிலும் 1959 முதல் 1985 வரை அமெரிக்கக் கால்பந்து கற்பித்தார். அப்பள்ளி ஐந்து முறை மாநில வெற்றி பெற்றது. 1975-லும் 1976-லும் வசந்தத்தில் கல்லூரிக்குத் தேசியப் பட்டம், இலையுதிர் காலத்தில் பள்ளிக்கு மாநிலப் பட்டம்! ஜோலியட் நம்மவர்க்கு நன்கு விளங்கக் கூடிய ஊர். எஃகு ஆலைகளும் கல் வெட்டும் சுரங்கங்களும் வளர்த்த நகரம். பல இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளே அவரிடம் வந்தவர்களில் பலர்.

1977-இல் அதே நகரத்துப் புனித பிரான்சிசு கல்லூரிக்கு மாறினார். அங்கே 1993-இல் மீண்டும் ஒரு தேசியப் பட்டம். 1996-இல், ஏறத்தாழ 70 வயதில், விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரிக்குச் சென்றார். சென்னை ரிப்பன் மாளிகையின் பெயரை நினைவூட்டும் இக்கல்லூரி ஆயிரம் மாணவருக்குக் குறைவான மிகச் சிறிய கல்லூரி. அது சேர்ந்த பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கொடுப்பதே கிடையாது. படிக்க வந்த பிள்ளை, விருப்பம் இருந்தால் விளையாடும், அவ்வளவே. நாமெல்லாம் 60 வயதில் மாலையும் கடிகாரமும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறோம். அவரோ 70 வயதில் புதிய ஊரில், புதிய பிள்ளைகளுக்கு, மட்டையைப் பிடிக்கும் முறையிலிருந்து தொடங்கினார். பத்துப் பருவங்கள் அங்கே கழித்துவிட்டு, 2006-இல் புனித பிரான்சிசுக்கே திரும்பி, மேலும் ஆறு பருவங்கள் உழைத்தார்.

அன்பர்களே, கல்லூரி அணியின் இயல்பை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவன் நான்கு ஆண்டுகள் இருப்பான். அவன் தேர்ச்சி பெறும் காலத்தில் பட்டம் பெற்றுப் போய்விடுவான். மறுபடியும் ஒன்றும் அறியாத ஒருவன் வந்து நிற்பான். இவ்வாறு 59 ஆண்டுகளில் ஏறத்தாழ 15 தலைமுறைகள் அவர் முன் வந்து போயின. வண்டிகள் வரும், வண்டிகள் போகும். நிலையம் இருந்த இடத்தில் இருக்கும். நிலையம் இல்லையேல் ஏறுவது எங்கே, இறங்குவது எங்கே?

அவர் ஈட்டிய வெற்றிகள் 1893. ஓய்வு பெற்ற நாளில் கல்லூரிப் பேஸ்பால் வரலாற்றில் அதற்கு மேல் வென்றவர் எவரும் இலர். அதே கணக்கேட்டின் மறுபக்கத்தில் 900-க்கும் மேற்பட்ட தோல்விகளும் உள. தோல்விக்கு மறுநாளும் களத்துக்கு வந்து நின்றமையால்தான் முதற்பக்கம் அவ்வளவு நீண்டது. ஒரு முறை தோற்றதும் சங்கத்து வாலிபால் குழுவைக் கலைத்துவிடும் நம் இளைஞர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அந்தச் சாதனையும் நிலைக்கவில்லை. 2014-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆகி கரிடோ என்பார் அதனைக் கடந்தார். மறு ஆண்டு, 2015-இல், கில்லெஸ்பி காலமானார். எண்ணிக்கை எவர் கைக்கும் மாறக் கூடியது. அவரிடம் பயின்றோர் மனத்தில் பதிந்த ஒழுங்கு அவ்வாறு மாறுவதில்லை. அவரைப் போன்றோர் வேறு சிலரும் உளர். ஒகையோ மாநிலத்து மேரியட்டா கல்லூரியில் டான் ஷேலி 1964 முதல் 2003 வரை 40 பருவங்கள் ஒரே இடத்தில் நின்றார். ஐடகோ மாநிலத்து லூயிஸ்-கிளார்க் கல்லூரியில் எட் செஃப் 16 தேசியப் பட்டங்கள் வென்று கொடுத்தார். தலைநகரங்களில் பேர் வாங்காத ஊர்களில் நடந்த தொண்டு இது.

இனி நம் காலனிக்கு வருவோம். நம் சங்கத்துத் தமிழ் வகுப்பு எத்தனை முறை தொடங்கி எத்தனை முறை நின்றது என்பதைப் பெரியோர் அறிவர். கற்பிப்பவர்க்கு மாற்றல் உத்தரவு வருகிறது, வகுப்பு மூடப்படுகிறது, ‘அ’ எழுதத் தொடங்கிய குழந்தை ‘ஃ’ வரை போவதற்குள் பலகை பரண்மேல் ஏறிவிடுகிறது. வீட்டில் தமிழ் பேசி, கடிதம் வந்தால் பிறரைப் படிக்கச் சொல்லும் பிள்ளைகள் நம்மிடையே வளர்கின்றனர். மாலை வேளையில் திடலும் வெறுமையாய்க் கிடக்கிறது.

மாற்றலை நாம் தடுக்க இயலாது. ஆனால் இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, எந்த வகுப்பையும் ஒருவரிடம் மட்டும் விடாமல் இருவரிடம் ஒப்படைப்போம். ஒருவர் வண்டி ஏறினால் மற்றவர் இருப்பார். அவர் உடனே இன்னொருவரைப் பழக்குவார். மற்றொன்று, ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட பெரியோர்களுக்கு நம் விண்ணப்பம். உங்களுக்கு இனி மாற்றல் இல்லை! நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரத்தைக் குழந்தைகளுக்குத் தாருங்கள். 70 வயதில் ஒருவர் பனிநாட்டில் தொடங்கியதை, நம் வேப்பமரத்து நிழலில் நீங்கள் தொடங்க இயலாதா?

பலன் உடனே தெரியாது. பரிசும் கிட்டாமல் போகலாம். வருகிற பிள்ளைகள் நான்கு ஆண்டுகளில் வேறு ஊர் போய்விடுவர். போகட்டும், கற்றதோடு போவர். அவர்கள் இடத்தில் வேறு பிள்ளைகள் வந்து நிற்பர். அப்போது அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அதுவே நாம் வேண்டுவது.