சபையில் ஒரு மறுப்பு



சட்டசபைகளிலே பின்வரிசை உறுப்பினர் என்றால், கட்சித் தலைவர் சொற்படி கையுயர்த்துபவர் என்பதே பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையன்று. ஆயினும், கனடாவின் மானிற்றோபா மாகாணச் சட்டசபையிலே 1990 ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது வேறு.

எலைஜா ஹார்ப்பர் என்பவர் 1949இல், அம்மாகாணத்தின் வடபுலத்தே ரெட் சக்கர் லேக் என்னும் ஆதிக்குடிக் கிராமத்திற் பிறந்தவர். ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த வதிவிடப் பாடசாலைகளிலே பயின்றவர். அத்தகைய பாடசாலைகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். பாடசாலை அதிபன் ஒருவன் இச்செய்தியை வாசித்துவிட்டு எளிதில் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. ஹார்ப்பர் பிறந்த காலத்திலே அவர் சமூகத்தவருக்கு மாகாணத் தேர்தலில் வாக்குரிமைதானும் இருக்கவில்லை. 1952இலேயே அது கிடைத்தது. 1981இல் அவர் ரூபர்ட்ஸ்லாந்துத் தொகுதியின் உறுப்பினரானார். சிலகாலம் மந்திரியாகவும் இருந்தார். 1988இல் அவருடைய கட்சி ஆட்சியிழக்கவே, சாதாரண உறுப்பினராக எதிர்த்தரப்பில் அமர்ந்தார்.

அக்காலத்தில் மீச் ஏரி உடன்படிக்கை நாட்டையே கலக்கிக்கொண்டிருந்தது. பிரதமர் பிறயன் மல்றோனியும் பத்து மாகாண முதல்வர்களும் 1987இல் செய்துகொண்ட இவ்வுடன்படிக்கை, கியூபெக்கைத் தனித்துவமான சமுதாயமாக ஏற்றது. ஆதிக்குடிகளின் குறைகளுக்கோ அதில் இடமில்லை. மாகாணச் சபைகள் யாவும் 1990 ஜூன் 23இற்குள் அதனை அங்கீகரித்தல் வேண்டும். மானிற்றோபாவின் மூன்று கட்சித் தலைவர்களும் இசைந்துவிட்டனர். ஹார்ப்பரின் தலைவரும் அவர்களுள் ஒருவர்.

ஆனால் நாட்கள் போதவில்லை. உரிய முன்னறிவித்தலின்றிப் பிரேரணையை எடுப்பதாயின் சபையினர் அனைவரும் ஒருமுகமாக இசைதல் வேண்டும். ஜூன் 12ஆம் திகதி சபாநாயகர் அவ்விசைவைக் கேட்டார். ஹார்ப்பர் "இல்லை" என்றார். அடுத்த நாட்களிலும், கையில் ஒரு கழுகிறகை ஏந்தியவராய், அவ்வாறே மறுத்தார். அவர் உரத்துப் பேசவில்லை. சபையின் விதியொன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. ஜூன் 22ஆம் திகதி வாக்கெடுப்பின்றியே சபை ஒத்திவைக்கப்பட்டது. நியூபவுண்ட்லாந்துச் சபையும் வாக்கெடுப்பு நடத்தாது விடவே, உடன்படிக்கை அற்றுப்போயிற்று.

கியூபெக் மக்கள் பலர் இதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கொண்டனர். அவர்கள் மனத்தாங்கலையும் நாம் அற்பமென்று தள்ளுதல் முறையன்று. 1995இல் நடந்த பிரிவினை வாக்கெடுப்பிலே கனடா மயிரிழையிற் பிழைத்தது.

ஹார்ப்பர் 1993இல் மத்திய பாராளுமன்றம் சென்றார், 1997இல் தோல்வியுற்றார். 2013 மே மாதத்தில் அவர் காலமானபோது, அவருடைய பூதவுடல் வினிப்பெக்கிலே, அன்று அவர் மறுப்புரைத்த அதே சட்டசபை மாளிகையில் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது.