சொட்டு மருந்தா, அறுவையா?



நம் கண்ணினுள் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியே வடிந்து கொண்டிருக்கிறது. மதகு தூர்ந்த ஏரியைப் போல அவ்வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகும். பார்வை நரம்பு சிறிது சிறிதாக நசியும். இதனையே கண் அழுத்த நோய் என்றும், கிளாக்கோமா என்றும் கூறுவர். பெரும்பாலோர்க்கு இதில் வலியில்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்குவதால் நோயாளி நெடுநாள் அதனை உணர்வதுமில்லை. மதுரை, நெல்லை, தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர்களில் அரவிந்த் கண் மருத்துவமனையார் நாற்பது வயது கடந்தோரை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுவரில் இரண்டு மூவர்க்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனை அறியாமலே இருந்தனர்.

இதற்கான அறுவையின் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த எலியட் என்பார், வெண்விழியில் சிறு துளையிட்டு நீரை வெளியேற்றும் முறையை 1909-இல் வகுத்தார். 1968-இல் கெயின்ஸ் அம்முறையைத் திருத்தியமைத்தார். சொட்டு மருந்துகளில் டைமோலால் 1978-இலும், லட்டானோபுரோஸ்ட் 1996-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

இனி ஒரு கணக்கு. மாதம் ஒரு குப்பி எனில், இருபது ஆண்டுக்கு 240 குப்பி. குப்பியின் விலையோடு, வேப்பந்தட்டையிலிருந்து திருச்சிக்குச் சென்று வரும் பேருந்துச் செலவையும், உடன் வருபவரின் ஒருநாள் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். அறுவைக்கு ஒருமுறைச் செலவே என்று தோன்றும். ஆனால் சில வாரங்கள் குனிதலும் பளு தூக்கலும் ஆகா; கழனிப் புழுதி ஆகாது. துளை மீண்டும் அடைபடலாம், கண்புரை விரைந்து வரலாம், பல ஆண்டு கழித்தும் தொற்று ஏற்படலாம். சோதனைக்குச் செல்வதோ இரு வழியிலும் நிற்பதில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “வாத்தியாரய்யா, கத்தி வைத்தால் கண் தெளியுமா?” என்று என்னைக் கேட்டார். கண்புரை அறுவை செய்துகொண்ட அண்டை வீட்டாரைக் கண்ட ஆசை அது! இந்நோயில் இழந்த பார்வை எவ்வழியிலும் மீளாது. இருப்பதைக் காப்பதே இரண்டின் பயனும் என்று சொல்ல எனக்கே மனம் கூசியது. சொல்லாமல் விட்டிருந்தால், அறுவைக்குப் பின் மருத்துவரை ஏசியிருப்பார்.

தொடக்க நிலையில் மருந்தே போதுமென்பது பொதுவழக்கு. ஒளிக்கதிர் சிகிச்சையும் உண்டு. முற்றிய நோய்க்கு எது நன்றென்று பிரிட்டனில் 453 பேரிடம் ஆய்ந்து 2021-இல் வெளியிட்டனர். இரண்டாண்டு முடிவில் வாழ்க்கை நலத்தில் பெரிய வேறுபாடில்லை. அழுத்தம் மட்டும் அறுவையுற்றோர்க்கு மேலும் குறைந்திருந்தது. அங்கு மருந்து தட்டின்றிக் கிடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் குப்பி வாங்காது விடும் நம் உழவர்க்கு, அவ்வேறுபாடு பெரிதே என்பது என் கருத்து. ஆஸ்துமா உள்ளவர்க்கு டைமோலால் ஆகாது என்பதையும் மறவற்க.

பெரியவர் முற்றிய கண்ணுக்கு அறுவையும், மற்றதற்கு மருந்தும் ஏற்றார். பத்தாம் வகுப்பில் பயிலும் பேரன் நாள்தோறும் சொட்டு விட்டு, நாட்காட்டியில் குறியிடுகிறான். நோயாளியின் மக்களுக்கும் உடன்பிறந்தார்க்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதியாதலால், அவன் தந்தையையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பருத்தி எடுப்பு முடிந்ததும் போவதாக இருக்கிறார்கள்.